சோமர்ஸ் டவுணின் ஸ்பானிய வாத்தியார்கள்



சென்ற மாதம் எங்கள் வானொலியின் வரலாற்று நிகழ்ச்சியில் நான் பேசியதை எழுதித் தரும்படி சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வரலாறு படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்று, இலண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டே கணக்கியல் பரீட்சைகளை எழுதி முடித்த ஒரு கணக்காளன். ஆகவே இந்தக் கதையையும் ஒரு கணக்காளனின் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எங்கள் வீட்டுக் குசினியில் தொடங்குகிறது. 2019ஆம் ஆண்டு என் மகள் ஏ லெவல் முடித்தாள். பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியும் பண்பாட்டிடைத் தொடர்பாடலும் படிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. ஒன்றுவிட்ட தமையனின் பிள்ளை மருந்தகவியல் படிக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை கண் பரிசோதகராகப் படிக்கிறது. எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி என்று யோசித்தேன். "பிள்ளை, ஸ்பானிஷ் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்? அந்த ரெண்டாவது பாடம் என்ன எண்டுகூட எனக்கு விளங்கேல்லை" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "அப்பா, நீங்கள் இஞ்சை வரேக்கை உங்கட பட்டத்தை ஆர் கேட்டவை? பெற்றோல் செட்டிலை எத்தினை நாட்டு ஆக்களோடை கதைச்சுச் சமாளிச்சனீங்கள் எண்டு நீங்களே சொல்லியிருக்கிறீங்கள். அதுதான் அந்த ரெண்டாவது பாடம்" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை.

அந்த ஆண்டில்தான் இந்த நாட்டில் ஏ லெவல் பரீட்சையில் பிரெஞ்சு எழுதியவர்களைவிட ஸ்பானிஷ் எழுதியவர்களின் எண்ணிக்கை முதல்தடவையாகக் கூடியது. அவள் தனியாக ஒரு புதுப் பாதையில் போகவில்லை, பலர் போகும் பாதையில்தான் போனாள். அப்போது எனக்கு அது தெரியாது.

மூன்றாம் ஆண்டு வெளிநாட்டில் படிக்க வேண்டும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், ஸ்பெயினுக்குப் போகும் எங்கள் மாணவர்களுக்கு விசா தேவைப்பட்டது. 2021 கோடையில் பத்திரங்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டு அவள் காத்திருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, வாழ்க்கையில் முதல்தடவையாக விசாவுக்கு நின்றது. கொழும்பில் நான் நின்ற கதையை அன்றுதான் அவள் முழுவதுமாக உட்கார்ந்து கேட்டாள்.

அவள் போன ஊர் ஸ்பெயினின் தெற்கிலுள்ள துறைமுகமான காதிஸ். ஒருநாள் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, இலண்டனிலை முதன்முதல் ஸ்பானிஷ் பேராசிரியராய் இருந்தவர் இந்த ஊர் ஆள். அவரும் உங்களை மாதிரி அகதியாய் வந்தவர்தான்" என்றாள். அந்த ஒரு வசனம் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

அவருடைய பெயர் அன்தோனியோ அல்கலா கலியானோ. பிறந்தது 1789இல். தகப்பன் ஸ்பானியக் கடற்படையின் கப்பல் தலைவர். 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி திரபல்கார் கடற்சமரில் ஆங்கிலேயருடன் போரிட்டு உயிர் நீத்தவர். பதினாறு வயதில் ஆங்கிலேயரிடம் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, பின்னாளில் ஆங்கிலேயரின் தலைநகரிலேயே அடைக்கலம் தேடவேண்டி வந்தது.

ஏன் வந்தது? நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைப் பிடித்திருந்த காலத்தில், பிடிபடாமல் நின்ற காதிஸ் நகரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி 1812இல் ஓர் அரசியல் யாப்பை இயற்றினார்கள். அரசனின் அதிகாரத்துக்கு அது எல்லை போட்டது. லிபரல் என்ற சொல்லுக்கு இன்றுள்ள அரசியல் பொருள் அந்தக் காதிஸில்தான் பிறந்தது என்பார்கள். 1814இல் நாடு திரும்பிய அரசன் ஏழாம் பெர்னாந்தோ யாப்பைக் கிழித்தெறிந்தான். 1820இல் இராணுவக் கிளர்ச்சியொன்று யாப்பை மீண்டும் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டுகளில், 1823இல், பிரெஞ்சு மன்னன் பெரும்படை அனுப்பி பெர்னாந்தோவின் முழு அதிகாரத்தை மீட்டுக் கொடுத்தான்.

அந்தக் கடைசி நாட்களில் பாராளுமன்றம் செவில் நகருக்குப் பின்வாங்கியிருந்தது. அரசன் மேலும் தெற்கே வர மறுத்தான். அரசன் தற்காலிகமாக ஆளத் தகுதியற்றவன் என்று அறிவிக்கும் பிரேரணையைச் சபையில் கொண்டுவந்தவர் அல்கலா கலியானோ. அரசன் மீண்டும் அதிகாரத்துக்கு வந்ததும் அந்தப் பிரேரணைக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் நேயர்களில் பலருக்கு அது விளங்கும். அவர் ஜிப்ரால்டருக்குத் தப்பி, அங்கிருந்து கப்பலேறி இலண்டன் வந்து சேர்ந்தார்.

அவர் தனியாக வரவில்லை. அன்று இங்கிலாந்துக்கு வந்த ஸ்பானிய அகதிக் குடும்பங்கள் ஆயிரம் அளவில் இருக்கும் என்று வரலாற்றாசிரியர் விசென்தே யோரென்ஸ் கணித்திருக்கிறார். யோரென்ஸும் ஸ்பானிய உள்நாட்டுப் போருக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறியவர். அகதிகளின் வரலாற்றை இன்னோர் அகதிதான் தேடி எழுதி 1954இல் வெளியிட்டார்.

வந்தவர்களில் பெரும்பாலானோர் குடியேறிய இடம் சோமர்ஸ் டவுண். இன்று யூஸ்டன், செயின்ற் பாங்கிராஸ் என்ற இரண்டு ரயில் நிலையங்களுக்கும் நடுவே உள்ள பகுதி அது. அன்று அங்கே ரயில் நிலையமே இல்லை. யூஸ்டன் திறந்தது 1837இல்தான். வாடகை மலிவு. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த கத்தோலிக்கக் குருமார் ஏற்கெனவே அங்கே குடியிருந்ததால் கத்தோலிக்கக் கோயிலும் இருந்தது. முதலில் வந்தவன் இருக்கும் தெருவுக்குத்தானே அடுத்தவன் வருவான்? ஈஸ்ட்ஹாமும் டூட்டிங்கும் ஹரோவும் எங்களுக்கு எப்படி அமைந்தனவோ, அப்படியே அவர்களுக்குச் சோமர்ஸ் டவுண் அமைந்தது.

எழுத்தாளர் தோமஸ் கார்லைல், பழைய மேலங்கியைப் போர்த்தியபடி யூஸ்டன் சதுக்கத்தைச் சுற்றி நடந்த அந்த மனிதர்களை எழுதி வைத்திருக்கிறார். சார்ள்ஸ் டிக்கன்சின் 'பிளீக் ஹவுஸ்' நாவலிலும் அவர்கள் ஒரு மூலையில் நடந்து போகிறார்கள். நாட்டில் அமைச்சர்களாகவும் தளபதிகளாகவும் நீதிபதிகளாகவும் இருந்தவர்கள் இங்கே செய்ய வேலையில்லாமல் நடந்தார்கள். நெப்போலியனுக்கு எதிரான போரில் ஆங்கிலேயருடன் நின்றவர்களுக்கு அரசாங்கம் ஒரு சிறு உதவித்தொகை கொடுத்தது. பொதுமக்களிடமும் நிதி திரட்டினார்கள். அது வயிற்றுக்குப் போதவில்லை.

அவர்களிடம் விற்பதற்கு இருந்த சரக்கு ஒன்றே ஒன்று. தாய்மொழி.

ஆகவே வீடு வீடாகப் போய் ஸ்பானிஷ் படிப்பித்தார்கள். இலக்கணம் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். 1824 முதல் 1827 வரை 'ஒசியோஸ் தெ எஸ்பான்யோலெஸ் எமிக்ராதோஸ்' என்றொரு சஞ்சிகை வந்தது. 'குடிபெயர்ந்த ஸ்பானியரின் ஓய்வுநேரங்கள்' என்று தமிழில் சொல்லலாம். அதை நடத்தியவர்களில் ஒருவர் ஹோசே கங்கா அர்குவேயெஸ், ஸ்பெயினின் முன்னாள் நிதியமைச்சர். அவர் இலண்டனில் இருந்துகொண்டே நிதித்துறை அகராதி ஒன்றை ஐந்து தொகுதிகளாக 1826, 1827இல் வெளியிட்டார். ஆளுவதற்கு நாடு இல்லாத நிதியமைச்சர் வருங்கால நிதியமைச்சர்களுக்காக ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். கணக்காளன் என்ற முறையில் அவர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இந்தப் புத்தகங்களை வாங்கியவர்கள் யார்? இங்கேதான் கடலுக்கு அப்பாலுள்ள இன்னொரு உலகம் வருகிறது. அதே காலத்தில் மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்டீனா வரை ஸ்பெயினின் குடியேற்ற நாடுகள் போரிட்டு விடுதலை பெற்றன. புதிய நாடுகளுக்குப் பாடப்புத்தகம் தேவைப்பட்டது. இலண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் ரூடோல்ஃப் அக்கர்மன் என்ற ஜேர்மனியர் பதிப்பகம் வைத்திருந்தார். அவர் ஸ்பானிய அகதிகளைக் கொண்டு புவியியல், வரலாறு, இலக்கணம் போன்றவற்றைக் கேள்வி பதில் வடிவில் எழுதுவித்து அந்த நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார். அவற்றில் பலவற்றை எழுதியவர் காதிஸில் பிறந்த ஹோசே ஹோவாகின் தெ மோரா.

அதே இலண்டனில் எதிர்த்தரப்பும் இருந்தது. அந்திரேஸ் பெயோ என்ற வெனிசுவேலாக்காரர் 1810இல் சிமோன் பொலிவாருடன் தூதுக்குழுவில் வந்து, பத்தொன்பது ஆண்டுகள் இங்கேயே தங்கினார். வறுமை அவரை விடவில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். தத்துவஞானி ஜெரமி பெந்தமின் வாசிக்க முடியாத கையெழுத்துப் பிரதிகளைப் பெயர்த்து எழுதினார். ஸ்பெயினும் அமெரிக்கக் குடியேற்றங்களும் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த காலத்தில், இரு தரப்பையும் சேர்ந்தவர்கள் இந்த நகரத்தில் ஒரே மொழியால் சீவித்தார்கள், ஒருவருக்கொருவர் வேலை தேடிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் மோரா சிலி நாட்டுக்குப் போய் 1828ஆம் ஆண்டின் யாப்பை எழுதுவதில் முக்கிய பங்காற்றினார். பெயோவும் 1829இல் சிலிக்குப் போனார். சிலி பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். 1847இல் அமெரிக்கர்களின் பாவனைக்கென்றே ஸ்பானிய இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். மொழி ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் எங்கள் நாட்டு வழக்குக்கும் அதில் இடம் வேண்டும் என்பது அவருடைய கட்சி. யாழ்ப்பாணத் தமிழா சென்னைத் தமிழா என்று சனிக்கிழமைப் பள்ளிகளில் நாங்கள் நடத்தும் விவாதத்தை அவர் கேட்டால் சிரித்திருப்பார்.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்தவை ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும்தான். அங்கிலிக்கன் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அங்கே பட்டம் கிடையாது. அதற்கு மாற்றாக, சமயச் சோதனை இல்லாத புதிய பல்கலைக்கழகம் ஒன்று 1828 ஒக்டோபரில் கோவர் வீதியில் வகுப்புகளைத் தொடங்கியது. இன்றைய யூனிவர்சிற்றி கொலேஜ் அதுதான். பழைய பல்கலைக்கழகங்கள் கவனிக்காத நவீன மொழிகளுக்கு அது இடம் கொடுத்தது. படிப்பிக்க யாரை எடுத்தார்கள் தெரியுமா? இத்தாலிய மொழிக்கு அன்தோனியோ பனீற்சி, சொந்த நாட்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர். அவர் இல்லாமலே தண்டனையை நிறைவேற்றியதாகப் பாவனை செய்து, அதற்கான செலவுக் கணக்கையும் அவருக்கே அனுப்பினார்களாம். ஜேர்மன் மொழிக்கு வந்தவர் புருசியச் சிறையிலிருந்து தப்பியவர். ஸ்பானிய மொழிக்கு அல்கலா கலியானோ.

1828 நவம்பர் 15ஆம் திகதி, சனிக்கிழமை, அவர் தம் தொடக்க உரையை ஆங்கிலத்தில் நிகழ்த்தினார். அதுவே இங்கிலாந்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் ஸ்பானிய மொழியும் இலக்கியமும் தனிப் பாடமாக ஆரம்பித்த நாள் எனலாம். சோமர்ஸ் டவுணிலிருந்து கோவர் வீதிக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. நானும் ஒரு சனிக்கிழமை அந்தத் தூரத்தை நடந்து பார்த்தேன். தூரம் குறைவுதான், ஆனால் அகதியாக வந்த ஒருவர் ஐந்து ஆண்டுகளில் அதைக் கடந்திருக்கிறார்.

இங்கே கதையை முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் கணக்கை முழுவதும் காட்ட வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களின் வருமானம் பெரும்பாலும் மாணவர் கட்டணத்தில் தங்கியிருந்தது. ஸ்பானிஷ் படிக்க வந்தவர்களோ மிகச் சிலர். 1830இல் அவர் பதவியை விட்டு விலகினார். அந்த ஜூலையில் பாரிசில் புரட்சி நடந்ததால், நாட்டுக்குக் கிட்டப் போகலாம் என்ற நம்பிக்கையில் பல அகதிகள் பிரான்சுக்குப் போனார்கள். அவரும் போனார்.

மாணவர்கள் ஏன் வரவில்லை? எனக்குத் தோன்றும் காரணத்தைச் சொல்கிறேன். 1822 முதல் 1825 வரை இலண்டன் முதலீட்டாளர்கள் தென்னமெரிக்காவின் புதிய நாடுகளுக்குக் கடன் பத்திரங்கள் மூலம் பணத்தை அள்ளிக் கொட்டினார்கள். அந்த நேரத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவனுக்கு மதிப்பு இருந்தது. 1825 டிசம்பரில் வங்கிகள் சரிந்தன. 1828 அளவில் அந்த நாடுகளில் பெரும்பாலானவை வட்டி கட்டுவதை நிறுத்தியிருந்தன. சந்தை விழுந்த பின்னர்தான் ஸ்பானிய வகுப்பின் கதவு திறந்தது. வேலைக்கு உதவுமா என்று மட்டும் பார்த்து மொழியைப் படித்தால், சந்தையோடு மொழியும் விழும். 2019இல் என் குசினியில் நான் கேட்ட கேள்வியும் அதேதான் என்பதை எண்ணிக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ஆனாலும் திறந்த கதவு முற்றாக மூடவில்லை. 1831இல் கிங்ஸ் கொலேஜ் வகுப்புகளைத் தொடங்கியபோது அங்கே ஸ்பானிஷ் படிப்பித்தவரும் ஓர் அகதிதான். பாப்லோ தெ மெந்திபில் என்ற அவர் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அதே கல்லூரியில் 1916இல், செர்வாந்தெஸ் மறைந்த முந்நூறாம் ஆண்டில், அவர் பெயரால் ஸ்பானியப் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. முதலில் அதில் அமர்ந்தவர் ஜேம்ஸ் ஃபிற்ஸ்மோரிஸ் கெலி. சோமர்ஸ் டவுண் வாத்தியார்கள் தொடங்கியதற்கு ஒரு நிரந்தர நாற்காலி கிடைக்க ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் சென்றன.

பிறகும் அகதிகள் வந்தார்கள். 1937 மே மாதத்தில் உள்நாட்டுப் போருக்குத் தப்பிய பாஸ்க் சிறுவர்கள் ஏறக்குறைய நாலாயிரம் பேர் ஒரே கப்பலில் சவுதாம்ப்டன் வந்து இறங்கினார்கள். 1939இல் எழுத்தாளர் அர்தூரோ பரேயா வந்தார். வானொலிக்காரர்களான நாங்கள் அவரை மறக்கக்கூடாது. பிபிசியின் இலத்தீன் அமெரிக்கச் சேவையில் 'காஸ்தீயாவின் ஹுவான்' என்ற புனைபெயரில் 1940 முதல் 1957இல் இறக்கும்வரை எண்ணூறுக்கு மேற்பட்ட உரைகளை நிகழ்த்தினார். இங்கிலாந்துக் கிராமத்து வாழ்க்கையைக் கடலுக்கு அப்பாலுள்ளவர்களுக்கு அவர்களுடைய மொழியில் விளக்கினார். 1941இல் தொடங்கி 2017வரை வானலையில் ஒலித்த தமிழோசையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தப் பணியின் அருமை தெரியும்.

அல்கலா கலியானோவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அரசன் இறந்தபின் பொதுமன்னிப்புக் கிடைத்து 1834இல் நாடு திரும்பினார், அமைச்சரானார். வயது போகப் போக, மாற்றம் கேட்ட பக்கத்திலிருந்து பழமை காக்கும் பக்கத்துக்கு மாறினார். 1865 ஏப்ரலில் கல்விக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தபோது, பேராசிரியர் ஒருவருக்கு எதிரான நடவடிக்கையால் மட்ரிட் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் மயங்கி விழுந்து இறந்தார். ஒருகாலத்தில் அடைக்கலம் கேட்டு வந்த வாத்தியார், கடைசியில் வாத்தியாரை வெளியேற்றும் அரசின் அமைச்சராக இறந்தார். அகதியாக இருந்த அனுபவம் மட்டும் ஒருவரை நல்லவராக வைத்திருக்காது. அதையும் எழுதாவிட்டால் கணக்குச் சரியாகாது.

சரி, அந்த "ரெண்டாவது பாடம்" எனக்கு எப்போது விளங்கியது? மகள் படிப்பை முடித்து வந்த ஆண்டு, எலிபன்ட் அண்ட் காசில் பக்கம் சிற்றுண்டிக் கடை நடத்தும் கொலம்பியப் பெண்மணி ஒருவர் என்னிடம் கணக்கு வேலை கொடுத்திருந்தார். வரிக் கடிதம் வந்ததா, விளங்கியதா என்று கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு ஆம் ஆம் என்பார். பிறகுதான் தெரிந்தது, கடிதத்தைத் திறக்கவேயில்லை. தண்டப்பணம் வந்துவிட்டது. எனக்குக் கோபம். மகளைக் கூட்டிப் போனேன். அவள் அந்த அம்மாவோடு அரை மணித்தியாலம் கதைத்தாள், பிறகு என்னிடம் சொன்னாள்: "அப்பா, அவ பொய் சொல்லேல்லை. விளங்கேல்லை எண்டு சொன்னால் உங்களுக்கு மரியாதைக் குறைவு எண்டு நினைச்சிருக்கிறா. அப்பம்மாவும் டொக்டரிட்டை எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டுத்தானே வீட்டை வாறவா?"

அன்று மகள் அவரிடம் பாவித்தது 'ஊஸ்தெத்' என்ற மரியாதைச் சொல். ஸ்பெயினில் மாணவர்கள் பல்கலைக்கழக ஆசிரியரைக்கூட 'தூ' என்று ஒருமையில் அழைப்பதுண்டு. கொலம்பியாவின் சில பகுதிகளில் தாயும் பிள்ளையும்கூட 'ஊஸ்தெத்' என்று பேசிக்கொள்வார்கள். ஆர்ஜென்டீனாவில் நண்பனை அழைக்கும் 'வோஸ்' என்ற சொல் முற்காலத்தில் மரியாதைச் சொல். நீ, நீர், நீங்கள் என்ற மூன்றையும் இடமறிந்து பாவித்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதல்ல. தமிழ் அவளுக்கு ஸ்பானிஷுக்கு வழிகாட்டியிருக்கிறது என்று அவளே சொன்னாள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

நேயர்களே, வரவு செலவைப் பார்த்தால் அல்கலா கலியானோவின் வகுப்பு நட்டம்தான். இரண்டு ஆண்டு, சில மாணவர்கள், பிறகு இராஜினாமா. ஆனால் அந்த வகுப்பை மூடியது ஏழாம் பெர்னாந்தோ அல்ல. வெறும் வாங்குகள்தான். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளுக்கும், பல்கலைக்கழகங்களில் தமிழுக்கு இடம் கேட்கும் முயற்சிகளுக்கும் அந்த ஆபத்து உண்டு. இடம் கிடைத்தால் மட்டும் போதாது, போய் இருக்க ஆட்கள் வேண்டும்.

உங்கள் பிள்ளை ஒரு மொழியைப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், அது எந்த மொழியாக இருந்தாலும், நான் கேட்ட கேள்வியைக் கேட்காதீர்கள். ஏன் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். நேரம் கிடைத்தால் ஒருநாள் பிள்ளையோடு யூஸ்டனில் இறங்கிச் சோமர்ஸ் டவுணிலிருந்து கோவர் வீதிவரை நடந்து பாருங்கள். வழியில் அந்த வாத்தியார்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.